எண்ணெய்ச்சட்டி வைக்காத வீடு

அத்தியாயம் 14

யுவனேஸ்வரியை நல்லவள் என்று பதின்மூன்று வாரமாக எழுதி வந்திருக்கிறேன். இந்த வாரமும் அவள் நல்லவள்தான். ஆனால் நல்லவளுக்கும் வயிறு எரியும். அதை மூடி மறைத்து எழுதினால் வாசகிகள் நீங்களே என்னைச் சும்மா விடமாட்டீர்கள்.

கதை எங்கே நின்றது என்பது நினைவிருக்கும். மாமியார் மணியம்மா தை மாதம் தவறிப்போனார். வருஷம் திரும்பும்வரை அந்த வீட்டில் எண்ணெய்ச்சட்டி வைக்கக்கூடாது. முறுக்கு, வடை, அதிரசம் எதுவும் சுடக்கூடாது. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

மாமனார் சிங்காரம் மூத்த மகன் திருச்செல்வத்தோடு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறார். பத்தொன்பது வருஷமாக அவருக்குச் சோறு போடுபவள் மூத்த மருமகள் யுவனேஸ்வரி. சின்ன மகன் குகனேஸ்வரனும் அவன் மனைவி சசிரேகாவும் கீழே ரிங்லெட் டவுனில் தனிக்குடித்தனம்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து மாமனாருக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தச் சமயத்தில்தான் சசிரேகா, சூடான காற்றில் பலகாரம் சுடும் ஏர் பிரையர் பெட்டி ஒன்று வாங்கினாள். மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாமனார் ரிங்லெட்டுக்குப் போய் மசால் வடை சாப்பிட்டுவிட்டு வருகிறார். எண்ணெயும் இல்லை, சட்டியும் இல்லை, டாக்டருக்கும் சரி, மணியம்மாவுக்கும் சரி என்பது அவர் கணக்கு.

போன வாரம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "தீவாளிப் படையல் முடிஞ்சதும் சின்னவன் வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாமான்னு பாக்கறேன்."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. யுவனேஸ்வரியும் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்வி ஒரு வாரமாக அவள் தொண்டையில் மீன் முள்ளைப்போலக் குத்திக்கொண்டு நிற்கிறது.

இன்று தீபாவளிக்கு முந்தின நாள்.

விடிந்ததிலிருந்து லயம் முழுக்க எண்ணெய் வாசனை. ஒவ்வொரு வீட்டிலும் முறுக்கு பிழிகிறார்கள். யுவனேஸ்வரி வீட்டில் மட்டும் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

மற்ற வருஷமாக இருந்தால் இந்நேரம் அவள் வீட்டு வாசலில் டின்னோடு நாலு பேர் நிற்பார்கள். இந்த மலைப் பனியில் முறுக்கு ஒரே நாளில் நமத்துப்போகும். யுவனேஸ்வரி சுட்ட முறுக்கு ஐந்து நாள் தாங்கும். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, அதை அவள் ஒளித்ததும் இல்லை.

பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் எவர்சில்வர் தூக்கோடு உள்ளே வந்தாள்.

"பசியாறிட்டியா யுவனேஸு? இந்தா, அச்சு முறுக்கும் நெய் உருண்டையும். இந்த வருசம் உன் கைப் பலகாரம் இல்லாம லயமே வெறிச்சுனு கெடக்கு."

"வாங்கக்கா. உக்காருங்க."

"உக்கார நேரமில்ல. ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். எங்க பொண்ணு கரேன் ஏர் பிரையர் வாங்கித் தர்றேங்கறா. வாங்கலாமா, வேணாமா? சமையல் விசயத்துல நீ சொன்னா சரியா இருக்கும்."

நல்ல கேள்வி. தப்பான ஆளிடம் கேட்டுவிட்டாள்.

"காத்துல சுடறதாம்கா. காத்துல சுட்டா காத்துதான் வரும். காச கொண்டுபோய் எதுக்கு அதுல போடறீங்க?"

"அப்படியா? ஆனா சசி போட்ட வீடியோவுல உங்க மாமா நல்லா சாப்பிடறாரே?"

"எந்த வீடியோ?"

ஆரோக்கியம்மாள் போனை நீட்டினாள். முழுசாக அரை நிமிஷம்கூட இல்லை. மாமா ரிங்லெட் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். வடையைக் கடிக்கிறார். கடிக்கிற சத்தம் மொறுக்கென்று கேட்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, "சூப்பர் லா!" என்கிறார்.

யுவனேஸ்வரிக்குக் காது அடைத்துப்போயிற்று.

பத்தொன்பது வருஷத்தில் மாமா அவள் சமையலைப் பாராட்டியது ஒரே ஒரு எழுத்தில். "ம்" என்பார். ரொம்பப் பிடித்துவிட்டால் "ம்ம்" என்று கொஞ்சம் இழுப்பார். அந்த இழுப்புக்காக அவள் கோழிக்குழம்பில் மிளகை அம்மியில் அரைத்த காலமெல்லாம் உண்டு.

"அக்கா, அத எனக்கு அனுப்பி விடுங்க," என்றாள்.

ஆரோக்கியம்மாள் போனதும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தாள். நாலு தடவையும் அவர் கண்ணை மூடினார். நாலு தடவையும் இவளுக்கு எரிந்தது.

பதினொரு மணிக்குக் கார் சத்தம் கேட்டது, குகனேஸ்வரனின் காடி வந்து நின்றது. சசிரேகா முன்சீட்டிலிருந்து இறங்கினாள். முப்பத்தொரு வயது. கியா பார்ம் பக்கம் ஸ்ட்ராபெரி பண்ணைக் கடையில் கல்லாவில் நிற்கிறவள். கல்யாணமாகி வந்த புதிதில் ரசம் வைக்கத் தெரியாமல் யுவனேஸ்வரியிடம் போனில் கேட்டவள். அவள் கையில் அந்த ஏர் பிரையர் பெட்டி இருந்தது.

மாமா மப்ளரைச் சுற்றிக்கொண்டு காலையிலிருந்தே ரோட்டோரம் நின்றிருந்தார். ஓடிப்போய்ப் பெட்டியை அவரே வாங்கிக்கொண்டார். பனியில் வழுக்கிவிடாமல் அடிமேல் அடி வைத்து நடந்து வந்து அடுப்படி மேடையில் இறக்கினார்.

"அக்கா, அத்தைக்குப் புடிச்ச மசால் வடை படையல்ல இல்லாம இருக்கக்கூடாதுல்ல? பருப்பு ஊறவச்சு அரைச்சுக் கொண்டாந்துட்டேன். சட்டி வைக்க வேணாம். இதுலயே செஞ்சிரலாம்," என்றாள் சசிரேகா.

"செய்யேன்," என்றாள் யுவனேஸ்வரி. வேறென்ன சொல்வது?

ப்ளக்கைச் சொருகி சசிரேகா பொத்தானை அமுக்கினாள். வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது.

"ரைஸ் குக்கரும் அதுவும் ஒண்ணா ஓடினா லயத்து லைன் தாங்காது," என்றாள் யுவனேஸ்வரி. சொல்லும்போது மனசுக்குள் சின்னதாக ஒரு தீபாவளி வெடித்தது.

அது நீடிக்கவில்லை. திருச்செல்வம் ஸ்டூல் போட்டு ஏறி மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டான். மாமா, "சோறு அப்பறம் வேகட்டும். குக்கர நிறுத்தும்மா," என்றார். அந்த அடுப்படியில் யுவனேஸ்வரியின் சோறு சசிரேகாவின் வடைக்காகக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை.

சசிரேகா வடையைத் தட்டினாள். கூடையில் ஆறு வைத்து, மேலே பிரஷ்ஷால் லேசாக எண்ணெய் தடவி, உள்ளே தள்ளினாள்.

"ஆறுதானா? நம்ம சட்டியில ஒரு ஈட்டுக்குப் பதினஞ்சு போடலாம்," என்றாள் யுவனேஸ்வரி.

"ஆமாங்கக்கா. பெரிய குடும்பத்துக்குப் பத்தாது. ஒரு ஈட்டுக்குக் கால் மணி நேரம் வேற ஆகுது."

"உளுந்து வடை வருமா?"

"வராதுக்கா. மொத நாள் நான் தெரியாம மாவ ஊத்திட்டேன். கூடை ஓட்டையில எல்லாம் வழிஞ்சு, கழுவவே ஒரு மணி நேரம் ஆச்சு. அப்பளம் வச்சேன், காத்துல மேல பறந்து போய் ஒட்டிக்கிச்சு."

இப்படி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறவளோடு எப்படிச் சண்டை போடுவது? யுவனேஸ்வரிக்கு அதிலும் எரிச்சல்தான்.

"ஆனா நமத்துப்போன முறுக்க அஞ்சு நிமிசம் வச்சா புதுசு மாதிரி ஆயிருதுக்கா. இந்தப் பனிக்கு அது ஒண்ணுக்கே வாங்கலாம்."

அந்தச் சொல் நேராகப் போய்க் குத்தியது. ஐந்து நாள் தாங்குகிற முறுக்குக்கு இனி இந்த லயத்தில் என்ன மரியாதை? யார் சுட்ட முறுக்கும் ஐந்து நிமிஷத்தில் யுவனேஸ்வரி முறுக்காகிவிடும்.

கால் மணி நேரம் கழித்து வடை வெளியே வந்தது. ஓரமெல்லாம் சிவந்து, பருப்பு முத்து முத்தாகத் தெரிந்தது. நன்றாக வரக்கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டது எந்தச் சாமிக்கும் கேட்கவில்லை. அதற்குள் மாமா மூன்று தடவை அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். யுவனேஸ்வரி சமைக்கிற நாளில் அவர் அடுப்படி வாசல் பக்கமே வந்ததில்லை.

ஒரு மணிக்கு மணியம்மாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டார்கள். சோறு, சாம்பார், கூட்டு, கீரை, பாயாசம், ஒரு டம்ளர் பால் தேத்தண்ணி. சசிரேகா குனிந்து இலையின் ஓரத்தில் ஆறு வடையை அடுக்கினாள். மாமா சூடத்தட்டைக் கையில் எடுத்தார்.

"ஒரு நிமிசம் மாமா," என்றாள் யுவனேஸ்வரி. "இந்த வடை இலையில இருக்கலாமா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வருசம் திரும்பாத வீடு இது. எண்ணெய் தடவிச் சுட்டது பலகாரம்தானே? சட்டியில சுட்டா என்ன, பெட்டியில சுட்டா என்ன?"

"அண்ணி, அதுல எண்ணெயே இல்லண்ணி," என்றான் குகனேஸ்வரன்.

"சசி, நீயே சொல்லு. எண்ணெய் தடவினியா இல்லியா?"

"பிரஷ்ல லேசா தடவினேன்கா..." சசிரேகாவின் குரல் இறங்கிப்போயிற்று.

"எனக்கென்ன வந்துச்சு? அத்தைக்கு ஆகாதது எதுவும் நடக்கக்கூடாதுன்னுதான் கேக்கறேன். பூசாரிய வேணா கேளுங்க."

கோயில் பூசாரி தர்மா அதே லயத்தில் ஆறாவது வீடு. குகனேஸ்வரன் போய்க் கூட்டி வந்தான். பாதி முறுக்கைக் கையில் பிடித்தபடியே வந்த பூசாரி, இலையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், யுவனேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். மூன்றாவதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"சாஸ்திரம் சொன்னவங்க காலத்துல கரண்டே இல்லம்மா."

"எண்ணெய் இருந்துச்சில்ல சாமி?"

"இருந்துச்சு."

"இதுல எண்ணெய் தொட்டிருக்கு."

பூசாரி முறுக்கை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எண்ணெய் தொட்டிருச்சுன்னா... சந்தேகம்னு ஒண்ணு வந்துட்டா, தவிர்த்துடறதுதான் நல்லது."

அவ்வளவுதான். யுவனேஸ்வரி முன்னால் வந்து ஆறு வடையையும் தன் கையாலேயே எடுத்துத் தட்டில் போட்டாள். ஆறு வடையை எடுக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

"அப்ப மூணு வாரமா நான் சாப்பிட்டது?" என்று கேட்டார் மாமா.

அவர் மணியம்மாவின் படத்தைப் பார்த்தார்.

"சட்டி வைக்கலன்னுதானே சாப்பிட்டேன். அவளுக்காக ஒரு வருசம் இந்த வாயக் கட்ட முடியலையா என்னால?"

"மாமா, அப்படி இல்ல மாமா," என்று சசிரேகா ஓடி வந்தாள்.

அவர் சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டார். "திரு, நீ காட்டுப்பா. அவ படத்துக்கு முன்ன நிக்க எனக்கு அருகதை இல்ல."

வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். பனி இறங்கி எதிர் மேட்டுத் தேயிலை பாதி மறைந்திருந்தது. அவர் மப்ளரைக்கூடக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா இல்லாமல் சூடம் காட்ட மாட்டேன் என்று திருச்செல்வமும் நின்றுவிட்டான். இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. மதியம் சாப்பிட்டதும் அவர் போட வேண்டிய மூன்று மாத்திரைகள் அலமாரியில் அப்படியே இருந்தன. மணி இரண்டாகப் போயிற்று.

அடுப்படியில் திருச்செல்வம் மனைவியிடம் மெதுவாகக் கேட்டான்.

"ஜெயிச்சிட்ட. இப்ப சந்தோசமா?"

"நான் என்ன தப்பா சொன்னேன்?"

"தப்பா சொன்னன்னு நான் சொல்லலியே. சந்தோசமான்னுதான் கேட்டேன்."

அவன் போய்விட்டான். யுவனேஸ்வரி தட்டிலிருந்த வடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அடிக்க நினைத்தது சசிரேகாவை. அடி விழுந்தது மாமாவுக்கு. தன் வாயைத் தானே சுட்டுக்கொள்ளலாம்போல இருந்தது.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். படிக்கட்டுக்குக் கீழே சசிரேகா அழுதுகொண்டிருந்தாள். பூசாரி போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றார். ஆரோக்கியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம், இன்னும் நாலைந்து வீட்டு வாசலில் ஆட்கள்.

"மாமா, எந்திரிங்க. அது எண்ணெய்ச்சட்டி இல்ல."

அவர் திரும்பவில்லை.

"சாம்பாருக்கு ரெண்டு கரண்டி எண்ணெய் ஊத்தி நாந்தான் தாளிச்சேன். அந்த வடையில அதுல பாதிகூட இல்ல. நீங்க அத்தைக்கு ஒரு கொறையும் வைக்கல."

"அப்பறம் ஏம்மா அப்படிச் சொன்ன?"

பொய் சொல்ல இடமிருந்தது. எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றிருக்கலாம். யாரும் துருவியிருக்க மாட்டார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் அந்த மனுஷர் நம்பமாட்டார், படியைவிட்டு எழவும் மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"பொறாமை மாமா," என்றாள். "பொறாமையில சொன்னேன்."

லயத்தில் ஒரு வீட்டில் எண்ணெய் கொதிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல, கரண்டே இல்லாத காலம்னு," என்று பூசாரி அவசரமாக உள்ளே நடந்தார்.

வடை இலைக்குத் திரும்பியது. சூடம் காட்டினார்கள். மாமா சாப்பிட்டார், இரண்டு வடையும் சாப்பிட்டார், மாத்திரையும் போட்டுக்கொண்டார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்த யுவனேஸ்வரி, ஒரு வடையைத் தன் இலையில் போட்டுக்கொண்டாள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே கொஞ்சம் வறட்சி. எண்ணெயில் சுட்ட வடையின் ருசி அதில் இல்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது வடைதான், நல்ல வடை. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு முழு வடையும் தேவைப்பட்டது.

நாலு மணிக்கு குகனேஸ்வரன் புறப்பட்டான். மாமா ஒரு துணிப்பையோடு அறையிலிருந்து வந்தார். காடி வரைக்கும் போய்விட்டு, அங்கே நின்று அவளைக் கூப்பிட்டார்.

"யுவனேசு. போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமா? நீ என்னம்மா சொல்ற?"

போகாதீங்க மாமா. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் லயத்துக்கே கேட்கும்படி பொறாமை என்று சொன்ன வாய் அது. இப்போது இருங்கள் என்றால், பார், அந்தப் பொறாமை இன்னும் அடங்கவில்லை என்பார்கள். சின்னவள் முகத்தைப் பார்க்கவும் அவளுக்குத் துணிவில்லை.

"உங்க இஷ்டம் மாமா."

அவர் துணிப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு குனிந்து காடிக்குள் ஏறிக்கொண்டார்.

சசிரேகா மட்டும் திரும்பி ஓடி வந்தாள். யுவனேஸ்வரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த ஏர் பிரையர் இங்கயே இருக்கட்டும். உங்களுக்கு அது மேல ஆசைன்னு எனக்குத் தெரியாமப் போச்சுக்கா. தெரிஞ்சிருந்தா மொதல்லயே ஒண்ணு வாங்கிக் குடுத்திருப்பேன்."

அவள் கண்ணில் துளிக் கள்ளம் இல்லை. பொறாமை என்று கேட்டதும், பெட்டியின் மேல்தான் பொறாமை என்று எடுத்துக்கொண்டாள் அந்தப் பெண். யுவனேஸ்வரிக்கு அழுகை வந்தது. "நல்ல வெலையாச்சே, வேணாம் சசி," என்று மட்டும் சொன்னாள். சசிரேகா கேட்கவில்லை.

காடி வளைவில் திரும்பி மறைந்தது. பெட்டி இங்கே தங்கிவிட்டது. மாமா போய்விட்டார்.

"இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான் திருச்செல்வம்.

"அதுவும் பொறாமைன்னுதான் ஆகியிருக்கும்."

"ஆகட்டுமே. அதனால என்ன?"

அவள் உள்ளே போய்ப் பாத்திரங்களை ஒன்று விடாமல் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள்.

விடுமுறைக்கு மலையேறி வந்த சுற்றுலாக் கூட்டத்தால் ரோடெல்லாம் ஜாம். ஆறு மணி தாண்டித்தான் போன் அடித்தது. சசிரேகா.

"அக்கா, வீட்டு வாசலுக்கு வந்து அரை மணி நேரமாச்சு. மாமா காடிய விட்டு எறங்க மாட்டேங்கறாரு."

"ஏன்? நெஞ்சு வலிக்குதா? ஏதாச்சும் பண்ணுதா?"

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்காரு. உங்ககிட்ட பேசணுமாம். பேசினாத்தான் எறங்குவாராம். இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

ஏதோ சரசரத்தது. மாமாவின் குரல் வந்தது.

"யுவனேசு."

"மாமா."

"என் இஷ்டம்னு சொல்லிட்ட. என் இஷ்டம் என்னான்னு நீ கேக்கவே இல்லியேம்மா. உன் இஷ்டம் என்னான்னும் சொல்லல. ரெண்டும் தெரியாம நான் எந்த வீட்ல போய் எறங்கறது?"

யுவனேஸ்வரி சுவரில் சாய்ந்துகொண்டாள். சொல்ல அவளிடம் பத்தொன்பது வருஷத்துச் சொல் இருந்தது. நீங்கள் இல்லாத வீட்டில் நான் யாருக்காக மிளகு அரைப்பேன் என்று கேட்கலாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்த வடைக்குச் சொன்னதை எனக்கும் சொல்லியிருக்கக்கூடாதா என்று சண்டை போடலாம். எல்லாம் வாய்வரைக்கும் வந்துவிட்டது. போனுக்குள் மாமாவின் மூச்சு கேட்டது. அதற்குப் பக்கத்தில் சசிரேகாவின் வளையல் சத்தமும் கேட்டது.

"மாமா," என்றாள் யுவனேஸ்வரி. "மொதல்ல அந்த ஸ்பீக்கர அணைங்க."